மீட்டரில் 23,400, சீட்டுக்கு அடியில் 47,000: பழைய பெரிய மோட்டார் வாங்கப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் தினமும் வேலைக்குப் போய்வரப் பழைய பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 2022-இல் நான் ஒரு கடையில் 800 சிசி மோட்டார் வாங்கி ஏமாந்தேன். கடையின் பெயரைப் போடப்போவதில்லை. பெயர்ப்பலகையை ஒரே நாளில் மாற்றிவிடலாம், ஏமாற்றும் விதம் மாறாது. அந்த விதத்தைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு வீடு செந்தூல், வேலை ஷா ஆலம். ஜாலான் கூச்சிங்கில் இறங்கி, மிட் வேலி தாண்டி, கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறி, தினமும் போக 30 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. பல வருடம் ஒய்15-இல்தான், யமஹாவின் 150 சிசி சின்ன மோட்டாரில்தான், போய்வந்தேன். எல்லாப் பெரிய மோட்டாரும் ஓட்டக்கூடிய பி ஃபுல் லைசன்ஸ் எடுத்த பிறகு மனம் பெரிய மோட்டார் பக்கம் போய்விட்டது. ஆசை என்பது உண்மை. ஆனால் ஆசை மட்டும் இல்லை. நெடுஞ்சாலையில் லாரிக்குப் பக்கத்தில் 150 சிசியில் போகும்போது முந்திக்கொண்டு விலக வேகம் போதாது என்று பலமுறை பயந்திருக்கிறேன்.

கடையில் எங்களை வரவேற்றவர் நம்மவர். ஐம்பது வயது இருக்கும். என் மனைவியை 'தங்கச்சி' என்றார், உட்கார நாற்காலி போட்டுத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். நான் முதலில் சொன்னதே இதுதான்: "அண்ணே, இது வீக்கெண்டுக்கு இல்லை. தினமும் ஜாமில் ஓட்டணும்." அவர் சொன்ன பதிலை மறக்கவே மாட்டேன். "தம்பி, டெய்லி ஓட்ட இதைவிட நல்ல மோட்டார் கிடைக்காது. ஒரே ஓனர், டாக்டர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். நம்ம பிள்ளைக்குக் கெட்ட பொருளைக் கொடுப்பேனா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தேன். வேறு கடையாக இருந்திருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். தமிழில் பேசினார், அண்ணன் மாதிரி பேசினார், அதனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. கிரான், அதாவது வண்டியின் பதிவு அட்டை, எங்கே என்று கேட்பதுகூட அவரைச் சந்தேகப்படுவது போலத் தோன்றியது. இதை எழுதும்போதும் வலிக்கிறது.

மோட்டார் கவாசாகி இசட் 800, 2014-ஆம் ஆண்டு. மீட்டரில் 23,400 கிலோமீட்டர். கறுப்பு, பச்சை, பளபளவென்று இருந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் புதிதாக ஒரு கம்பி வலை மாட்டியிருந்தார்கள். கல் படாமல் இருக்க ஓனர் போட்டது என்றார். நாங்கள் போவதற்கு முன்பே எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காக சூடு பண்ணி வச்சேன்" என்றார். நான் கடையைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். 1,000 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கட்டினேன். ரசீதில் பொடி எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று மலாயில் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்த்தும் கையெழுத்துப் போட்டேன்.

விலை 24,500 என்று பேசி முடித்தோம். பணம் கட்டப் போன அன்று பெயர் மாற்றும் செலவு, 'புரோசசிங்', பாலிஷ், காப்புறுதி என்று 26,300 ஆகிவிட்டது. மனைவி சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு அதில் பாதி.

அப்புறம் கிரான். வண்டி கடையின் பெயரிலும் இல்லை, அந்த 'டாக்டர்' பெயரிலும் இல்லை, ஜொகூரில் இருக்கும் வேறு ஒருவரின் பெயரில் இருந்தது. பெயர் மாற்ற அவர் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் வருவார் என்றவர்கள் ஏழு வாரம் இழுத்தார்கள். அந்த ஏழு வாரமும் நான் அந்த வண்டியைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டினேன். முன்னாள் ஓனர் பெயரில் இருக்கும் காப்புறுதி வண்டியோடு சேர்ந்து நமக்கு வந்துவிடாது. நான் எங்காவது மோதியிருந்தால், மோதப்பட்டவருக்கும் எனக்கும் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

வண்டி எடுத்த மூன்றாம் நாள் மாலை ஐந்தரை மணி, மழை விட்டிருந்தது, மிட் வேலி பக்கம் அசையாத ஜாம். எஞ்ஜின் வெப்ப விளக்கு எரிந்தது. அந்த மாதிரி எஞ்ஜினில் வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி சுழன்றுதான் சூட்டை இறக்க வேண்டும். ஓடும்போது காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். என் வண்டியில் விசிறி சுழலவே இல்லை. ஓரமாக நிறுத்தி 40 நிமிடம் நின்றேன். கடைக்குப் போன் செய்தால், "பெரிய மோட்டார்னா சூடு இருக்கும் தம்பி, பழகிக்கோங்க" என்றார்.

நான்கு சிலிண்டர் மோட்டாரில் சூடு இருக்கும் என்பது பொய்யில்லை, அதனால்தான் ஒரு வாரம் நம்பினேன். தொடை வேகும், கிளட்ச் பிடித்துப் பிடித்து இடக்கை மரத்துப்போகும். அது அந்த வகை மோட்டாரின் இயல்பு. ஆனால் வெப்ப விளக்கு எரிவது இயல்பு இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் என் வாயை அடைத்தார்கள். புதிதாகப் பெரிய மோட்டாருக்கு வருகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கெப்போங்கில் எனக்குத் தெரிந்த ஒரு போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது அந்தக் கம்பி வலையைக் கழற்றியதுதான். உள்ளே ரேடியேட்டர் வளைந்திருந்தது. முன்பக்கம் எங்கோ பலமாக மோதி, ரேடியேட்டர் பின்னால் தள்ளி, விசிறியின் இறக்கை உறையில் இடித்து, விசிறியைச் சுழற்றும் மோட்டார் எரிந்து செத்துப்போயிருந்தது. அப்புறம் ஹேண்டிலை முழுதாக ஒரு பக்கம் திருப்பிக் காட்டினார். ஃபோர்க் போய் முட்டி நிற்கும் இடத்தில், ஃபிரேமில் ஒரு சின்ன இரும்பு முனை இருக்கும். ஒரு பக்கத்து முனை நசுங்கி, அதன்மேல் வெல்டிங் வைத்து கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. மோதல் வாங்கிய வண்டியில் பார்க்க வேண்டிய முதல் இடம் அதுதான் என்றார். டேங்க்கையும் கவரையும் மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம், ஃபிரேமில் இருக்கும் அந்த முனையை மாற்ற முடியாது.

பிறகு சீட்டைக் கழற்றினார். அடியில் எண்ணெய் மாற்றியதற்கு ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று, பாதி கிழிந்து இருந்தது. ஜொகூர் பாருவில் ஒரு பட்டறை, 2019, அடுத்த சர்வீஸ் 47,000 என்று பேனாவில் எழுதியிருந்தது. நான் வாங்கும்போது மீட்டரில் 23,400.

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அவர்தான் சொன்னார்: "நீங்க ஸ்டிக்கரைத் தேடியிருக்கவே வேண்டாம். டிஸ்க்கைப் பார்த்திருந்தாலே போதும்." முன் பிரேக் டிஸ்க்கில் விரலை வைத்துத் தடவினால் ஓரத்தில் பள்ளம் தெரிந்தது. தேயக்கூடிய கடைசி அளவு எவ்வளவு என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், என் டிஸ்க் அதைத் தொட்டுவிட்டது. 23,000 கிலோமீட்டரில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடிய வண்டியில், அப்படித் தேயாது. கால் வைக்கும் ரப்பர், சாவியின் பல், டயரில் இருக்கும் நான்கு இலக்கம் எல்லாமே உண்மையைச் சொல்லும். அந்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். கடைக்காரர் மீட்டரைக் குறைக்கலாம், இவை அனைத்தையும் மாற்றினால் அவருக்கு லாபம் நிற்காது, அதனால் செய்ய மாட்டார்.

ரேடியேட்டர், விசிறி, கிளட்ச் தட்டு, இரண்டு டிஸ்க், செயின், முன் ஃபோர்க் சீல் என்று 5,700 வெள்ளி போனது. கடைக்கு நேரில் போனேன். அதே அண்ணன், இந்த முறை நாற்காலி போடவில்லை. "செகண்ட் ஹேண்ட் மோட்டார், பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார். தமிழிலும் பேசவில்லை, மலாயில் பேசினார்.

சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறோம். மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. முதல் பாரத்தை, அதாவது விண்ணப்பப் படிவத்தை, பூர்த்தி செய்து கொடுத்தால் போதும், வக்கீல் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள், கடைக்காரருக்கும் அதே விதிதான். விவகாரம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் வியாபாரம் செய்கிறவர் மீதுதான் வழக்குப் போடலாம், தனி ஆள் விற்ற வண்டிக்கு அங்கே போக முடியாது. இந்த ஓட்டையைக் கடைகள் நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. ரசீதை முன்னாள் ஓனர் பெயரில் எழுதிக் கொடுத்து, கடை 'உதவி மட்டும் செய்தது' என்று ஆக்கிவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் எழுதத் தொடங்கினார், மனைவிதான் கடை முத்திரை வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினாள். அந்த ஒரு முத்திரை இல்லாவிட்டால் எனக்கு ஒரு காசும் திரும்பியிருக்காது.

7,800 வெள்ளி கேட்டேன். போமன் எழுதிக் கொடுத்த பட்டியல், ஸ்டிக்கரின் படம், வெல்டிங்கின் படம், விற்பனை விளம்பரத்தில் 'குறைந்த மைலேஜ்' என்று இருந்த படம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் கொண்டுபோனேன். விசாரணை நாளன்று கடையின் ஆள் ஒருவர் வந்து, 5,000 தருவதாக ஒப்புக்கொண்டார். அதைத் தீர்ப்பாகவே பதிவு செய்தார்கள். இரண்டு தவணையில் வந்து சேர்ந்தது. மீதி போனது போனதுதான்.

கடை ஏமாற்றாமல் இருந்திருந்தாலும் அந்த மோட்டார் என் வேலைக்குச் சரியா என்று பிறகு நிறைய யோசித்தேன். சரியில்லை. எடை 229 கிலோ, என் ஒய்15 போல இரண்டு மடங்கு. அதன் இழுவை முழுதாக வருவது எஞ்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது. ஜாமில் நான் 4,000-ஐத் தாண்டியதே அபூர்வம். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் அந்தக் குறுகிய வளைவுகளும் சுரங்கப் பாதைகளும் தெரியும்தானே, பின்னால் நாலைந்து சின்ன மோட்டார்கள் நெருக்கிக்கொண்டு வரும். அங்கே அகலமான ஹேண்டிலோடு 229 கிலோவைத் திருப்புவது சுகமில்லை. ரோட் டேக்ஸும் கவனிக்க வேண்டியது. 150 சிசி வரை 2 வெள்ளி. 501 முதல் 800 வரை 250. 800-ஐத் தாண்டினால் 350. இசட் 800 உண்மையில் 806 சிசி.

சக்தி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. லாரிக்குப் பக்கத்திலிருந்து விலக சக்தி வேண்டும், அது உயிர் விஷயம். ஆனால் கீழ்ச் சுற்றிலேயே கிடைக்கிற சக்தி வேண்டும். ஹோண்டாவின் 471 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கு பி ஃபுல் இல்லாமல் பி1 லைசன்ஸே போதும், ரோட் டேக்ஸ் 100 வெள்ளி. 689 சிசி யமஹா எம்டி-07 ஏறத்தாழ 180 கிலோதான். இரண்டையும் நண்பர்களிடம் வாங்கி, காலை ஏழரை மணி ஜாமில் ஓட்டிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இப்போது பழைய 471 சிசி ஒன்றில் போய்வருகிறேன். ஃபிரேம் முனையையும் டிஸ்க்கையும் பார்த்து, கிரானில் இருப்பவரையே நேரில் ஜேபிஜேக்கு அழைத்துப்போய், பெயர் மாறிய பிறகுதான் கடைசி 3,000-ஐக் கொடுத்தேன்.

செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் யாராவது பெரிய மோட்டார் பார்க்கப் போவதாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், சனிக்கிழமை நானும் கூட வருகிறேன். காசு ஒன்றும் வேண்டாம். கடை திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும், அவர்கள் எஞ்ஜினைச் சூடு பண்ணுவதற்கு முன்.