மல்பெரித் தண்டில் கத்தி பழகுதல்: நெடுநாள் அனுபவம்

எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம், முதலில் நல்ல குச்சிக்கு வழி செய்துகொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். தருமபுரியில் சில ஆண்டுகளாக விடாமல் செதுக்கிவருகிறேன். விலை உயர்ந்த கத்தியால் கைத்திறன் கொஞ்சம்தான் கூடுகிறது. ஒரே வரிசை வெட்டுகளைப் புதுப்புதுக் குச்சியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும்போது கை அடியோடு மாறிவிடுகிறது.

இந்தப் பயிற்சிக் குச்சியைப் பரவலாக்கியவர், புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுக் கைத்திறன்களைப் பல்லாண்டுகள் கற்பித்து 2019இல் மறைந்த கனடாவின் மோர்ஸ் கோச்சான்ஸ்கி. பெருவிரலைவிடச் சற்றே தடித்த, ஒரு முழ நீளக் குச்சி போதும். ஒரு முனையைக் கூடார முளைக்கு ஆகும்படி கூராக்க வேண்டும். மறுமுனை அடி வாங்கினாலும் பிளக்காதபடி விளிம்பை மழிக்க வேண்டும். நடுவில் கயிறு நழுவாமல் நிற்க ஒரு வளையப் பள்ளம், இன்னொரு குச்சியைக் குறுக்கே பொருத்த ஒரு சதுரப் பள்ளம், கத்தி முனையால் குடைந்த ஒரு துளை, பாத்திரம் தொங்கவிட ஒரு கொக்கி வெட்டு. ஒவ்வொன்றுக்கும் முகாமில் ஒரு வேலை உண்டு.

கொக்கி வெட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். பெருக்கல் குறிபோல இரண்டு ஆழமான கீறல்கள் போட்டு, மூன்று பக்கமும் மரத்தைச் செதுக்கி எடுத்து, ஒரு பக்கத்து மூக்கை மட்டும் விட்டுவைக்க வேண்டும். மூக்கு உடைந்தால் கத்தியை நெம்பியிருக்கிறோம். பள்ளத்தின் அடி பிசிறடித்தால், செதுக்கல் எல்லை தாண்டாமல் நிற்க முதலில் போடும் தடுப்புக் கீறல் ஆழம் போதவில்லை. பக்கத்தில் ஆசான் யாரும் இல்லாதவருக்குக் குச்சியே இப்படித் தவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. இதனால்தான் இந்தப் பயிற்சியை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

வெளிநாட்டுக் காணொளிகளில் பிர்ச், வில்லோ மரங்கள் என்கிறார்கள். நமக்கு அவை தேவையே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பட்டுப்புழு வளர்க்கும் மாவட்டங்கள். மல்பெரித் தோட்டத்துக் கவாத்தில் விழும் தண்டுகள் எங்கும் கிடைக்கும். புழு இலையைத் தின்றபின் மிஞ்சும் தண்டுகள் மெலிந்தவை; கவாத்தில் விழும் அடித்தண்டின் பருமன்தான் சரி. பச்சையில் கத்திக்கு நன்றாக இடம் கொடுக்கும். பட்டை நீளமாக உரியும். அதையே திரித்துக் கயிறாக்கலாம். தோட்டத்துக்காரரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். "வேண்டியதை எடுத்துக்கொள் தம்பி, அடுப்புக்கு மிச்சம் வை" என்பார்கள். அந்த மிச்சம் அவர்களுக்கு விறகு. அதை மறக்கக் கூடாது.

கொஞ்சம் பழகிய பிறகு வேம்புக்கு மாறலாம். அதன் நார் பின்னிக்கிடப்பதால் மழமழப்பான பரப்பு எளிதில் வராது. நார் எங்கே திரும்புகிறது என்று கண்டுகொள்ளும் பழக்கம் அதில்தான் வரும். வெட்பாலைக் கிளை கிடைத்தால் விடாதீர்கள். வெளிறிய நிறம், சீரான நார். பக்கத்துக் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகள் பரம்பரையாக இந்த மரத்தில்தான் கடையப்படுகின்றன. முருங்கை செதுக்கவே லாயக்கில்லை. காய்ந்த புளியும் சீமைக்கருவேலமும் கத்தியின் வாயை விரைவில் மழுக்கிவிடும். மாந்தோப்புகளுக்குப் பெயர்போன கிருஷ்ணகிரியில் மாங்கிளைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் அதன் பால் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பதால் பச்சை மாங்கிளையை நான் எடுப்பதில்லை. அரளியை எந்த நிலையிலும் தொட வேண்டாம். செடி முழுவதும் நஞ்சு, எரித்தால் புகையும் நஞ்சு.

என்னிடம் இரண்டு கத்திகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, கத்திக்குப் பேர்போன ஸ்வீடனின் மோரா ஊரில் செய்யப்படும் வகை: கார்பன் எஃகு, அலகு சுமார் 10 செ.மீ. அதன் பக்கச் சரிவு ஒரே தளமாக வாய்வரை இறங்குகிறது. சரிவை மரத்தின்மேல் படியவைத்தாலே வெட்டும் கோணம் அமைந்துவிடும். புதிதாகப் பழகுகிறவருக்கு இது பேருதவி. மற்றொன்று, லாரி ஸ்பிரிங் பட்டையில் உள்ளூர்க் கொல்லர் ஒருவர் அடித்துத் தந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகள் பழமையானது என்று 2022இல் அறிவித்தார்கள். அப்படிப்பட்ட மண்ணில் இன்றும் உலை ஊதி அடித்துத் தந்த கத்தியைக் கையில் எடுக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது. விறகு பிளக்க அது அருமை. நுணுக்கமான பள்ளங்களுக்கு மட்டும் அதன் தடிமன் இடைஞ்சல். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் மெல்லியதையே எடுப்பேன்.

கார்பன் எஃகு ஈரத்தில் துருப்பிடிக்கும். பச்சை மரத்தின் சாறு பட்டு அலகு கருத்துப்போவது வேறு. அதைத் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் துடைத்து ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய் தடவினால் போதும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுக்காகிவிடும். இந்தக் கத்தியைச் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். கண்ணாடித் துண்டின்மேல் 800, 1500, 2000 எண் உப்புத்தாள்களை நனைத்து வைத்து, சரிவு முழுவதும் படியும்படி தேய்த்து, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் நாலு இழுப்பு இழுப்பது என் வழக்கம்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. உட்கார்ந்து செதுக்கும்போது முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றி, முழங்காலுக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். இரு தொடைகளுக்கு நடுவே கத்தி வரவே கூடாது. தொடையின் உட்புறத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கத்தியோடு கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் ஓடிவரும் திண்ணையில் நான் செதுக்குவதில்லை. பேச்சுக் கொடுத்தால் கத்தி உறைக்குள் போய்விட வேண்டும்.

பிடிகளில் எனக்கு அதிகம் உதவுபவை இரண்டு. கத்திக் கையை முழங்காலில் அழுத்தி அசையாமல் வைத்து, குச்சியைப் பின்னால் இழுப்பது ஒன்று. மரம் நிறையப் போக வேண்டிய இடத்துக்கு அது. குச்சியைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரலால் அலகின் முதுகைத் தள்ளுவது மற்றொன்று. பள்ளங்களின் ஓரம் சுத்தமாக வருவது இந்தத் தள்ளலில்தான். பழகப் பழகத் தோள்பலம் குறைந்து பெருவிரலின் வேலை கூடுவதுதான் தேர்ச்சிக்கு அடையாளம்.

இதையெல்லாம் காட்டுக்குள் போய்ப் பழக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. யானைகள் நடமாடும் இடம். அங்கே கிளை ஒடிப்பதும் குற்றம். கொல்லைப்புறமும் தோட்டத்து வரப்பும் இந்தப் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும்.

தொடங்குகிறவர் கூர்முனையையும் வளையப் பள்ளத்தையும் மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். இரண்டும் பிசிறில்லாமல் வந்த பிறகு சதுரப் பள்ளம், அப்புறம் கொக்கி. துளை கடைசியில் வரட்டும். முனையை அழுத்திச் சுழற்றும்போது கத்தி சறுக்கினால் மறுபக்கம் பிடித்திருக்கும் விரல்தான் வெட்டுப்படும். ஆகவே குச்சியைக் கையில் பிடிக்காமல் ஒரு கட்டைமேல் வைத்துக் குடையுங்கள்.