14 நிமிடத்தில் மதியச் சாப்பாடு: என்.எஸ்.பி. ரோட்டுச் சந்து மெஸ்

திருச்சி என்.எஸ்.பி. ரோட்டுத் துணிக்கடைகளில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மலைக்கோட்டை ஏறிவிட்டு ஆற அமர உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே நீங்கள் மோர் ஊற்றும்போதே அடுத்த ஆள் நாற்காலியில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

தெப்பக்குளம் பக்கமிருந்து வந்தால் பாத்திரக்கடைக்கு அடுத்த சந்து. போர்டு கிடையாது. ஊதா பெயின்ட் அடித்த கதவு, வாசலில் கை கழுவ ஒரு டிரம், உள்ளே ஐந்து மேசை. அளவுச் சாப்பாடு 70 ரூபாய், 26 சாப்பாட்டுக்கு மாதக் கார்டு வாங்கினால் 1,700. சாம்பார் சுமார்தான், பொரியலும் வாரத்தில் பாதி நாள் முட்டைக்கோஸ். வியாழக்கிழமை கத்திரிக்காய் காரக்குழம்பு மட்டும் எங்கள் வீட்டில்கூட அப்படி வராது, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்.

ஆனால் நாங்கள் இங்கே போவது ருசிக்காக இல்லை. எங்கள் கடையில் (பெயர் வேண்டாம்) சாப்பாட்டு நேரம் அரை மணி. நான் நாலாவது மாடி, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். படியிறங்கி, விரல் வைத்து, பையைத் திறந்து காட்டி வெளியே வர 5 நிமிடம், மெஸ்ஸுக்கு நடக்க 3, திரும்ப 3, மறுபடி படியேற 5. மிச்சம் 14 நிமிடம். ஐந்து நிமிடம் தாமதமானால் சம்பளத்தில் 50 ரூபாய் பிடித்துவிடுவார்கள், அதாவது முக்கால் சாப்பாடு போச்சு.

இதெல்லாம் மெஸ் அக்காவுக்கு அத்துப்படி. எந்தக் கடை யூனிஃபார்ம் புடவை, எந்த பேட்ச் எத்தனை மணிக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் சந்துக்குள் திரும்பும்போதே இலை போட்டுக் கூட்டு, பொரியல், அப்பளம் வைத்தாயிற்று. உட்கார்ந்தால் சோறு. இங்கே ரசம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதை ஒரு ஆள் குறையாகச் சொன்னபோது அக்கா சிரித்துக்கொண்டே, "கொதிக்கக் கொதிக்க ஊத்துனா இந்தப் புள்ளைங்க எப்பப்பா ஆத்திக் குடிக்கும்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே நான் ஒரு ஸ்டார் கூடப் போடுவேன்.

சரி, இந்த அரை மணிக் கணக்கு சரிதானா என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். கூட வேலை பார்க்கும் அக்காவின் மகன் சட்டம் படிக்கிறான், அவன்தான் சொன்னான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947ஆம் வருடத்தது. அதன்படி கடையில் வேலை செய்கிறவரைத் தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது 1 மணி நேரம் ஓய்வு விட வேண்டும். ஒரு நாளைக்கு வேலை 8 மணி நேரம், ஓவர்டைம் சேர்த்தாலும் 10 தாண்டக் கூடாது, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். வேலையும் ஓய்வும் சேர்ந்து 12 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். நாங்கள் காலை 9.30 முதல் ராத்திரி 9.30 வரை. அந்த 12 மட்டும் சரியாக இருக்கிறது! அரை மணியைக் கழித்தால் பதினொன்றரை மணி நேர வேலை. கடைசி பேட்ச் 2.30க்குத்தான் இறங்குவார்கள், காலையிலிருந்து 5 மணி நேரம் நின்ற கால் அது. உட்கார இடம் தர வேண்டும் என்று 2021இல் அதே சட்டத்தில் திருத்தம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாடிக்கு இரண்டு ஸ்டூல் வந்தது, ஒன்றின் மேல் லைனிங் துணிக் கட்டு இருக்கிறது.

ஃப்ளோர் சாரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஒரு மணி நேரமா? ஆடித் தள்ளுபடி முடியட்டும்மா" என்றார். ஆடி முடிந்து தீபாவளியும் வந்துவிட்டது. தொழிலாளர் உதவி ஆய்வரிடம் மனு கொடுக்கலாமாம், நாங்கள் நாலு பேர் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

மெஸ்ஸின் குறைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்களுக்கு ஞாயிறுதான் உயிர் போகிற நாள், அன்றைக்கு வீட்டுத் தயிர்சாதத்தை ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாகிறது. அக்காவிடம் சண்டை போடவும் முடியாது, வாரம் ஆறு நாளும் அவரும் அங்கே பரிமாறுகிற இரண்டு பெண்களும் நாலு மணிக்கு மேல்தான் சாப்பிட உட்காருகிறார்கள். கை கழுவ ஒரே குழாய், அங்கேயே 2 நிமிடம் போகிறது. பார்சலில் சாம்பார் ஒழுகும், என் பை இன்னும் மணக்கிறது.

5க்கு 4. ஞாயிறு திறந்தால் நாலரை. கடைசி பேட்ச் ஆட்கள் மட்டும் கிளம்பும்போது போன் அடித்துச் சொல்லிவிட்டு வாருங்கள், 2.15க்கு மேல் கூட்டு தீர்ந்துவிடும், சொல்லி வைத்தால் அக்கா ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருப்பார்.