எந்த தெரபியில் நமக்கு என்ன வேலை? சிகிச்சைக்குப் போகிறவர் பக்கத்திலிருந்து

சைக்காலஜிஸ்ட் அறையின் போர்டில் சி.பி.டி., டி.பி.டி., இ.எம்.டி.ஆர். என்று வரிசையாக எழுதியிருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. போகிறவருக்கு வித்தியாசம் தெரிவது ஒரு செஷனுக்கும் அடுத்த செஷனுக்கும் நடுவில் வரும் ஆறு நாளில்தான். ஒன்று தினமும் எழுதச் சொல்லும். இன்னொன்று பயப்படுகிற இடத்துக்கே போய் நிற்கச் சொல்லும். வேறொன்று எதுவுமே சொல்லாது, ஆனால் மனதைக் கிளறிவிட்டுவிடும். இதில் எந்த வேலைக்கு இப்போது தெம்பும் நேரமும் இருக்கிறது என்று பார்ப்பதுதான் தேர்வுக்கு நல்ல வழி.

அதிகம் கிடைப்பது சி.பி.டி. (காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி), அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் முறை. 1960-களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் அமெரிக்காவில் உருவாக்கியது. வாரம் ஒரு முறை, 45 முதல் 60 நிமிடம், பெரும்பாலும் 12 முதல் 20 செஷன். ஒவ்வொரு செஷனும் போன வார ஹோம்வொர்க்கில் தொடங்கி அடுத்த வார ஹோம்வொர்க்கில் முடியும். அப்படி முடியாமல் வெறும் பேச்சாகவே போய்க்கொண்டிருந்தால், போர்டில் என்ன எழுதியிருந்தாலும் அது சி.பி.டி. கிடையாது.

இதன் முக்கியக் கருவி ஏழு கட்டம் போட்ட ஒரு தாள். இரவு 9 மணிக்கு மேனேஜரிடமிருந்து வாட்ஸப்பில் ‘நாளைக்குக் கொஞ்சம் பேசணும்’ என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ‘மேனேஜர் கோபமா மெசேஜ் போட்டார்’ என்று எழுதினால் தப்பு. கோபம் என்பது நாம் சேர்த்தது. இரண்டாவதில் உணர்ச்சியும் நூற்றுக்கு அதன் அளவும்: பயம் 85, அவமானம் 60. மூன்றாவதில் மனதில் ஓடிய வாக்கியம்: ‘என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க.’ நான்காவதில் அதற்கு ஆதாரம்: போன மாத ரிப்போர்ட் தாமதம். ஐந்தாவதில் எதிர் ஆதாரம்: இதே மாதிரி மெசேஜ் முன்பும் வந்தது, அப்போது ஷிஃப்ட் மாற்றுவது பற்றித்தான் பேச்சு. ஆறாவதில் இரண்டையும் வைத்து ஒரு வாக்கியம்: ‘ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்கலாம், பதில் இருக்கு. வேலை போகும்னு காட்ட இப்போ எதுவும் இல்ல.’ ஏழாவதில் திரும்பவும் அளவு: பயம் 50.

85 என்பது 50 ஆனதே வெற்றி. பூஜ்யத்துக்கு வரவில்லையே என்று நினைத்துத்தான் பலர் மூன்றாவது வாரத்திலேயே தாளை மூடி வைத்துவிடுகிறார்கள். அடுத்த பெரிய தவறு ஆறாவது கட்டத்தில் ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’ என்று எழுதுவது. மனம் அதை நம்பாது, அளவும் இறங்காது. ஒரு வாரத் தாளை செஷனுக்கு முந்தைய இரவு உட்கார்ந்து நிரப்புவதும் வீண். அந்த நேரத்து வாக்கியம் அதற்குள் மறந்திருக்கும். போனில் மூன்றாவது கட்டத்தை மட்டும் உடனே தட்டி வைத்துக்கொண்டால் போதும். வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ அதே பேச்சில் எழுதலாம், தெரபிஸ்டுக்காக இங்கிலீஷில் மாற்ற வேண்டாம்.

மனச்சோர்வு கடுமையாக இருக்கும்போது இந்தத் தாள் கையில் ஏறாது. அப்போது நல்ல தெரபிஸ்ட் செயலில் தொடங்குவார்: காலை 7 மணிக்குக் குளியல், மாடியில் 10 நிமிடம் நடை, செய்தபின் மனநிலை எவ்வளவு என்று ஒரு எண். மனம் வந்தால் செய்யலாம் என்று காத்திருக்கக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படையே. எழுந்து உட்காரவே முடியாத நிலை, தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அதீத உற்சாகம், காதில் குரல் கேட்பது போன்றவற்றுக்கு முதலில் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எழுத சைக்காலஜிஸ்ட்டால் முடியாது.

வேண்டாத சந்தேகம் திரும்பத் திரும்ப வந்து, அதை அடக்க ஒரே செயலைச் சடங்குபோல் செய்துகொண்டே இருக்க வைக்கும் ஓ.சி.டி.க்கு சி.பி.டி. குடும்பத்திலேயே தனி முறை ஒன்று உண்டு: பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருப்பது. கேஸ் அடுப்பை மூடினோமா என்ற சந்தேகத்தை எடுத்துக்கொண்டால், பயத்தின் அளவை வைத்து 0 முதல் 100 வரை ஒரு ஏணி போடுவார்கள். 30-ல், வீட்டில் ஆள் இருக்கும்போது ரெகுலேட்டரை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வெளியே போவது. 50-ல், வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய் அரை மணி நேரம் நிற்பது. 80-ல், பூட்டிய வீட்டை விட்டு நாள் முழுக்க வெளியே இருப்பது. படபடப்பு ஏறும், அதை அடக்க எதையும் செய்யாமல் இருப்பதுதான் வேலை.

இது தோற்பது பெரும்பாலும் போனில்தான். ‘அம்மா, கேஸ் மூடியிருக்கா பாரும்மா’ என்று ஒரு கால் போட்டாலே அன்றைய பயிற்சி போச்சு. சரிபார்த்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை பழைய பாடத்தையே திரும்பப் படித்துக்கொள்ளும். மனதுக்குள் எண்ணுவது, மந்திரம் சொல்வது, அடுப்பை மூடிய காட்சியை மறுபடி ஓட்டிப் பார்ப்பது எல்லாமே சடங்குதான். வெளியே தெரியாததால் தெரபிஸ்டிடம் நாமாகச் சொல்ல வேண்டும். வீட்டாரை ஒரு செஷனுக்கு அழைத்துப் போவது கட்டாயம் என்றே சொல்லலாம். ‘மேடம் சொன்ன மாதிரி, இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்ப்பா’ என்று அம்மா சொல்லப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் வழிவந்த, பரிவோடு கேட்கும் கவுன்சலிங் துக்கத்துக்கும் விவாகரத்துக்குப் பிந்தைய காலத்துக்கும் அருமையாகப் பொருந்தும். அதையே ஓ.சி.டி.க்கு எடுத்துக்கொண்டால், வாராவாரம் ‘அப்படியெல்லாம் ஆகாது’ என்ற ஆறுதல் கிடைத்து நோய் வளரவும் கூடும். தெரபிஸ்ட் நல்லவர், முறை பொருந்தவில்லை என்ற நிலை இது. வெளியே வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

ஃப்ராய்ட் வழிவந்த, மனதின் அடியில் இருப்பதைப் பேச்சில் வெளிக்கொண்டுவரும் சைக்கோடைனமிக் தெரபி இந்தியாவுக்குப் புதிதல்ல. கிரீந்திரசேகர் போஸ் 1922-லேயே கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். படுத்துக்கொண்டு வாரத்தில் மூன்று முதல் ஐந்து நாள் பேசும் பழைய வடிவம் இன்று அரிது. வாரம் ஒன்றோ இரண்டோ முறை எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதுதான் பரவலாக இருக்கிறது. ஹோம்வொர்க் கிடையாது, தெரபிஸ்ட் நிறைய மௌனமாக இருப்பார். வாயில் வருவதை வடிகட்டாமல் சொல்வது நம் வேலை. அவர்மேல் வரும் எரிச்சலும் அதில் சேர்த்தி. அவர் இரண்டு வாரம் லீவில் போய்வந்த பிறகு நமக்கு அடுத்த செஷனுக்குப் போகவே பிடிக்கவில்லை என்றால், அதைச் சொல்லிவிட வேண்டும். விட்டுவிட்டுப் போனவர்களிடம் நாம் எப்போதும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அங்கேதான் கையில் சிக்கும். இந்த முறையின் பலவீனம், எல்லை தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இழுப்பது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ‘எங்கே வந்திருக்கிறோம்’ என்று பேச ஒரு செஷனைக் கேட்டு வாங்குங்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், அடக்க முடியாத உணர்ச்சி வேகம் உள்ளவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி). முழு டி.பி.டி.யில் நான்கு பகுதி உண்டு: தனிச் செஷன், குழு வகுப்பு, நெருக்கடி நேரத்தில் போனில் வழிகாட்டல், தெரபிஸ்டுகள் தங்களுக்குள் கூடும் ஆலோசனைக் குழு. ‘குழு வகுப்பு இருக்கா?’ என்ற ஒரு கேள்வியிலேயே விஷயம் தெரிந்துவிடும். இல்லையென்றால் கிடைப்பது டி.பி.டி. திறன்கள் மட்டும், அதுவும் உதவும், ஆனால் முழு சிகிச்சையின் பலனை எதிர்பார்க்கக் கூடாது. குளிர்ந்த நீரில் முகத்தை அமிழ்த்தி மூச்சைப் பிடித்து 30 விநாடி இருப்பது அதில் ஒரு பயிற்சி. இதயத் துடிப்பைச் சட்டென்று இறக்கும் என்பதால் இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சிகளுக்கு, தெரபிஸ்டின் விரலைக் கண்ணால் பின்தொடர்ந்தபடி அந்த நினைவை எதிர்கொள்ளும் இ.எம்.டி.ஆர். முறையை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. மொத்தம் எட்டுக் கட்டம், கண்ணை அசைக்கும் வேலை நான்காவதில்தான் வரும். முதல் நாளே விரலை ஆட்டத் தொடங்குகிறவர் வரலாறு கேட்பதையும் மனதை நிலைப்படுத்துவதையும் தாண்டிக் குதிக்கிறார்; எழுந்து வந்துவிடலாம். செஷனுக்குப் பிறகு ஓரிரு நாள் கனவுகள் அதிகமாக வரலாம், அதனால் மறுநாள் பரீட்சையோ பயணமோ வேண்டாம்.

எந்த முறையானாலும் பணம் கட்டும் முன் சில விஷயங்களைக் கேட்கலாம், கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சலர் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் படிப்பு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும், ஆகவே என்ன படிப்பு, யாரிடம் பயிற்சி என்று கேளுங்கள். ரகசியம் காப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விலக்குகள் அதில் உண்டு. அவற்றை முதல் செஷனிலேயே அவர் விளக்க வேண்டும். ‘கல்யாணம் பண்ணினா சரியாயிடும்’ என்பவரிடமும், வெளியே சந்திக்கக் கூப்பிடுபவரிடமும் இரண்டாவது முறை போகத் தேவையில்லை.

பலன் தெரிகிறதா என்பதை ஞாபகத்தை நம்பி அளக்க முடியாது. மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது. 0 முதல் 27 வரை மதிப்பெண், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. முதல் நாளும் பிறகு மாதம் ஒரு முறையும் போட்டுப் பார்த்தால் 5 புள்ளி இறங்கியதா என்று தெரியும். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதில் உண்மையை எழுதுங்கள், எழுதினால்தான் பாதுகாப்புத் திட்டம் போட முடியும். செஷன் இல்லாத இரவில் அந்த எண்ணம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். செலவு தாங்காதவர்களுக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. அங்கே மருத்துவரின் நேரம் குறைவு என்பதால், தூக்கம், சாப்பாடு, மருந்து பற்றி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

நிறுத்தும்போது மெசேஜ் போட்டுக் காணாமல் போக வேண்டாம். சி.பி.டி.யில் வாரம் ஒன்று என்பதை இரண்டு வாரம், பிறகு மாதம் என்று தள்ளிவைத்து முடிப்பார்கள். சைக்கோடைனமிக்கில் குறைந்தது ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரிவதைப் பற்றிப் பேசுவதே அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. கடைசி செஷனில் அரைப் பக்கத் தாள் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறது என்பதற்கு நம்முடைய முதல் மூன்று அறிகுறிகள் (போன் எடுக்காமல் விடுவது, குளிக்காத நாட்கள் என்பது போல), அப்போது முதலில் செய்ய வேண்டியது, யாருக்கு போன் போடுவது, எத்தனை நாள் நீடித்தால் திரும்ப அப்பாயிண்ட்மென்ட் வாங்குவது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.