ஃபெட் சிமுலேஷன்கள்: அறிவியல் வகுப்புக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

அறிவியல் ஆசிரியர்களுக்கு இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி பார்க்க மட்டுமே உதவும்: படங்கள், வீடியோக்கள், அச்சிட்டுக் கொடுக்கும் தாள்கள். மாணவர் கை வைத்து ஒன்றை மாற்றி, என்ன ஆகிறது என்று கண்டுபிடிக்கும்படி அமைந்தவை குறைவு. அந்தக் குறைவானவற்றில் முதலில் பரிந்துரைக்க வேண்டியது ஃபெட் (PhET). திரையிலேயே இயக்கிப் பார்க்கும் செயல்மாதிரிகளை, அதாவது சிமுலேஷன்களை, தரும் தளம் இது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2002இல் இதைத் தொடங்கியவர் கார்ல் வைமன். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றிருந்தார். இயற்பியலில் தொடங்கிய திட்டம் இன்று வேதியியல், கணிதம், புவி அறிவியல், உயிரியல் என்று நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன்களாக விரிந்திருக்கிறது. பிரவுசரில் இயக்கக் கட்டணமும் இல்லை, மாணவர் கணக்குத் தொடங்கத் தேவையும் இல்லை.

இதன் தரத்தைச் சோதிக்க ஒரே ஒரு சிமுலேஷனைத் திறந்தால் போதும்: நேர்மின்னோட்ட மின்சுற்றுக் கட்டமைப்பு. பேட்டரி, கம்பி, பல்பு, மின்தடை, சுவிட்சு எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்து வந்து முனைகளை ஒட்டினால் சுற்று தயார். தொடக்கத்தில் பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம். ஒரு பல்பை இணைத்து அம்மீட்டரைப் பார்த்தால் 0.9 ஆம்பியர். இரண்டு பல்புகளைத் தொடரிணைப்பில் வைத்தால் 0.45. பக்க இணைப்பில் வைத்தால் ஒவ்வொன்றிலும் 0.9, பேட்டரி தருவது 1.8. பக்க இணைப்பில் இரண்டாவது பல்பைச் சேர்க்கும் முன் சற்று நிறுத்தி, "முதல் பல்பு மங்குமா, அப்படியே இருக்குமா, கூடுமா?" என்று கேட்டு விடையை நோட்டில் எழுத வைக்க வேண்டும். மங்கும் என்று எழுதுபவர்கள் எந்த வகுப்பிலும் நிறையப் பேர் இருப்பார்கள். பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்ற தவறான எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது. எழுதிய பிறகு இணைத்துப் பார்த்தால் விவாதம் தானாகவே தொடங்கும். எழுதாமல் பார்த்தால், "எனக்கு முன்பே தெரியும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி நிஜ ஆய்வகத்திலிருந்து வரும். உண்மையான பேட்டரியில் இதையே செய்தால் பல்பு கொஞ்சம் மங்குகிறதே, ஏன்? சிமுலேஷனின் பேட்டரிக்குத் தொடக்கத்தில் உள் மின்தடை கிடையாது. சிமுலேஷனில் உள்ள 'லேப்' என்ற திரையின் மேம்பட்ட அமைப்புகளில் அதைக் கூட்டலாம். சுமார் 2 ஓம் வைத்தால் ஒரு பல்பு இருக்கும்போது அதன் முனைகளுக்கிடையே 7.5 வோல்ட் இருக்கும். பக்க இணைப்பில் இன்னொன்றைச் சேர்த்ததும் அது 6.4 வோல்ட்டாக இறங்கும். முதலில் தூய நிலையைக் காட்டி, பிறகு நிஜத்தை நோக்கி ஒரு படி ஏற்றும் இந்த வசதிக்காகவே ஃபெட்டை மதிக்கலாம். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் பேட்டரி தீப்பிடித்து எரிகிறது. மாணவர்கள் வேண்டுமென்றே பலமுறை எரித்துப் பார்ப்பார்கள். தடுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அம்மீட்டர் என்ன காட்டுகிறது என்று மட்டும் கேளுங்கள்.

இந்தச் சிமுலேஷனில் அம்மீட்டர் இரண்டு வகை. ஒன்று, கம்பியின் மேல் வைத்தாலே அளவு காட்டும் தொடுகையற்ற வகை. மற்றது, சுற்றை அறுத்து இடையில் தொடராக இணைக்க வேண்டிய வகை. முதல் வகையிலேயே பழகியவர்கள் நிஜ அம்மீட்டரைக் கொண்டுபோய் பேட்டரிக்குக் குறுக்கே இணைத்து ஃபியூஸை எரித்துவிடுவார்கள். ஆகவே செய்முறைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தும்போது 'மெய்நிகர் ஆய்வகம்' என்ற துணைப்பெயரோடு தனியாக வரும் பதிப்பைத் திறப்பது நல்லது. அதில் தொடராக இணைக்கும் அம்மீட்டர் மட்டுமே உண்டு.

மாதிரி என்றால் எதையோ எளிமையாக்கியிருப்பார்கள், அது எது என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சாதாரணப் பல்பின் மின்தடை இங்கே மாறாதது. நிஜப் பல்பின் இழை சூடானதும் மின்தடை பல மடங்கு கூடும். அதனால் நிஜப் பல்பை வைத்து வோல்ட்–ஆம்பியர் வரைபடம் வரைந்தால் நேர்கோடு வராது. எலக்ட்ரான்கள் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் ஓடுவதுபோல் காட்டுவதும் வசதிக்காகத்தான். வீட்டுக் கம்பியில் அவற்றின் நகர்வு வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அணுவைக் கட்டமைக்கும் சிமுலேஷனில் கருவும் சுற்றுப்பாதையும் ஒரே திரையில் அடங்குகின்றன. நிஜத்தில் அணுவின் குறுக்களவு கருவினுடையதைப் போலப் பல்லாயிரம் மடங்கு. இவற்றை வாய்திறந்து சொல்லாவிட்டால், படத்தில் பார்த்ததையே மாணவர்கள் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள்.

தனி ஊசல் சிமுலேஷனும் அருமையானது, ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அலைவு நேரத்தைத் தானே அளந்து சொல்லும் கருவியை லேப் திரையில் வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் அளவீட்டுப் பிழை என்ற பாடமே காணாமல் போகும். முதலில் ஸ்டாப்வாட்ச் மட்டும் கொடுங்கள். 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து 20ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பூமியில் 1 மீட்டர் நீளத்துக்கு 2.01 நொடிக்கு அருகே வர வேண்டும். யாருக்காவது 2.15 வந்தால் அவர் தவறாக அளந்தார் என்று முடிவுகட்ட வேண்டாம், ஊசலை எந்தக் கோணத்திலிருந்து விட்டார் என்று கேளுங்கள். 60 டிகிரியிலிருந்து விட்டால் அலைவு நேரம் சுமார் 7 விழுக்காடு கூடும். பாடநூல் சூத்திரம் சிறு கோணங்களுக்கு மட்டும் பொருந்துவது. 10 டிகிரிக்குள் நின்றால் வித்தியாசம் கண்ணுக்கே படாது. நிறைவுப் பணிக்கு 'எக்ஸ் கோள்' என்ற தேர்வு இருக்கிறது. அங்கே ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று சொல்லப்படுவதில்லை, ஊசலைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். 1 மீட்டர் ஊசல் என்றால் 39.48ஐ (அதாவது 4π²) அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். வீட்டுப்பாடமாகத் தர இதைவிடச் சிறந்த கணக்கு இந்தப் பாடத்தில் இல்லை.

தளத்தின் பலவீனமான பகுதி ஆசிரியர்கள் பதிவேற்றிய செயல்பாட்டுத் தாள்கள். இலவசக் கணக்குத் தொடங்கினால் அவற்றைப் பார்க்கலாம், ஆனால் தரம் ஏற்ற இறக்கமானது, பெரும்பாலானவை ஆங்கிலத்தில். ஃபெட் குழுவே எழுதியவற்றையும் பொன் நட்சத்திரம் பெற்றவற்றையும் முதலில் பாருங்கள். மற்றவற்றை ஒரே பார்வையில் கழித்துவிடலாம்: "நகர்த்தியை 10க்குக் கொண்டுபோ, மதிப்பை எழுது, 20க்குக் கொண்டுபோ, மதிப்பை எழுது" என்று அடுக்கியிருந்தால் அது வேண்டாம். அந்தத் தாளை நிரப்பும் மாணவர் ஒரு முடிவைக்கூடத் தானாக எடுப்பதில்லை. முதல் 5 முதல் 10 நிமிடம் எந்த வழிகாட்டலும் இல்லாமல் விளையாட விடுவது ஃபெட் குழுவே சொல்லும் முறை. இதைத் தவிர்த்து நேராகக் கேள்விக்குப் போனால், பாடம் நடக்கும்போதே பொத்தான்களை அழுத்திப் பார்க்கத் தொடங்குவார்கள். ஒவ்வொரு சிமுலேஷனுக்கும் ஆசிரியர் குறிப்பு என்று ஒரு சிறு ஆவணம் இருக்கும். மாதிரியில் எதை எளிமையாக்கினார்கள் என்பது அதில்தான் இருக்கும். அதைப் படிக்காமல் வகுப்புக்குப் போக வேண்டாம்.

உயிரியலில் இயற்கைத் தேர்வு, மரபணு வெளிப்பாடு போல நல்லவை சில உண்டு, எண்ணிக்கை குறைவு. வடிவியலுக்கு ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியே பொருத்தம். மாணவர் செய்ததைப் பதிந்து மதிப்பெண் தரும் வசதியை இங்கே எதிர்பார்க்காதீர்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் கட்டிய சுற்று அழிந்துவிடும். வலது கீழ் மூலையில் உள்ள ஆரஞ்சு நிற மீட்டமை பொத்தானை விரல் பட்டு அழுத்தினாலும் அதே கதிதான். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப் பழக்குங்கள்.

இணைய இணைப்பை நம்ப முடியாத வகுப்பறைக்கும் வழி இருக்கிறது. பிரவுசரிலேயே இயங்கும் எச்.டி.எம்.எல். வகைச் சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாகப் பதிவிறங்கும். பென் டிரைவில் எடுத்துப்போய் எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறக்கலாம். தமிழ்ப் பதிப்பு வேண்டுமானால் சிமுலேஷன் பக்கத்தின் மொழிபெயர்ப்புப் பட்டியலிலிருந்து எடுங்கள். கோப்பின் பெயர் அடிக்கோட்டுக்குப் பின் டி, ஏ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் முடியும். மொழிபெயர்க்கப்படாத வரிகள் ஆங்கிலத்திலேயே தெரியும், ஆகவே முன்கூட்டியே எல்லாத் திரைகளையும் புரட்டிப் பாருங்கள். கைபேசியில் கோப்பைத் தொட்டதும் வெற்றுத் திரை வந்தால் கோப்பில் பழுது என்று நினைக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் இயக்காத ஏதோ ஒரு கோப்புப் பார்வைச் செயலி அதைத் திறந்திருக்கும். குரோம் வழியாகத் திறந்தால் சரியாகிவிடும். பழைய ஜாவா, ஃபிளாஷ் பதிப்புகள் எங்காவது சேமித்து வைத்திருந்தால் நீக்கிவிடலாம். ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியோடு நின்றுவிட்டது. பதிவிறக்கிய கோப்புகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளாது, எனவே ஆண்டுத் தொடக்கத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி இறக்கிவிடுங்கள்.