ஒரு டாலருக்கு நாலு: நியூ யுனிவர்ஸ் காமிக்ஸ் சேர்த்த பதினாலு வருஷம்

2011, பிட்ஸ்பர்க்குக்குப் படிக்க வந்த முதல் குளிர்காலம். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. வெளியே நின்றால் காது கழன்று விழுந்துவிடும் போன்ற குளிர். பக்கத்தில் திறந்திருந்த கடைக்குள் புகுந்தேன். அது காமிக்ஸ் கடை. எதையாவது புரட்டாமல் சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால், மேஜைக்கு அடியில் இருந்த நீளமான அட்டைப் பெட்டிகள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதியிருந்தது: நாலு புத்தகம் ஒரு டாலர்.

அதில் கையில் வந்ததுதான் 'ஸ்டார் பிராண்ட்' முதல் இதழ். மார்வெல் வெளியீடு, 1986, அன்றைய விலை 75 சென்ட். மார்வெலில் இப்படி ஒரு ஹீரோவை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டு பக்கம் புரட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதை நடப்பது நியூயார்க்கில் இல்லை, பிட்ஸ்பர்க்கில். நான் எந்த ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேனோ அதே ஊர். நாயகன் கென் கானெல் ஒரு கார் மெக்கானிக். ஒரு கிழவர் அவன் கையில் நட்சத்திர வடிவ முத்திரை ஒன்றைப் பதித்துவிட்டுப் போகிறார். அளவே இல்லாத சக்தி வந்துவிடுகிறது. வந்த பிறகும் அவனுக்கு வேலை, வாடகை, இரண்டு பெண்களிடமும் உண்மையைச் சொல்லாமல் ஓட்டுகிற வாழ்க்கை எல்லாம் அப்படியே தொடர்கிறது. இந்தச் சக்தியை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் மனோதத்துவம் படித்த நண்பனிடம் போய்ப் புலம்புகிறான். பஸ்ஸை விட்டுவிட்டேன். நாலு புத்தகத்தோடு வெளியே வந்தேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' வெளிவந்த 1961-ஐ ஆரம்பமாக வைத்து, 1986-இல் மார்வெல் தன் 25-ஆவது ஆண்டைக் கொண்டாடியது. அப்போது தலைமை ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர், ஸ்பைடர்மேனோடும் எக்ஸ்-மென்னோடும் தொடர்பே இல்லாத புது உலகம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் நியூ யுனிவர்ஸ். நம் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற அதே உலகம்தான் அங்கேயும். கடவுள்கள் இல்லை, வேற்றுக்கிரகவாசிகள் இல்லை, மந்திரம் இல்லை. 1986 ஜூலை 22 அன்று வானம் ஒரு கணம் வெள்ளையாக மாறுகிறது. 'ஒயிட் ஈவென்ட்' என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு சாதாரண மனிதர்கள் சிலருக்கு உடம்பில் விபரீத மாற்றங்கள் வருகின்றன. காலமும் நம் காலம்போலவே ஓடும். நிஜத்தில் ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம் போகும்.

எட்டு தொடர்களோடு தொடங்கினார்கள். ஒரே வருஷத்தில் நாலு போய்ச் சேர்ந்தன. மிச்சத்தில் 'ஸ்டார் பிராண்ட்' 19 இதழ்களில் முடிந்தது. 'டி.பி.7', 'சை-ஃபோர்ஸ்', 'ஜஸ்டிஸ்' மூன்றும் 32 இதழ்கள் வரை இழுத்துப் பிடித்து 1989-இல் மூடப்பட்டன. அறிவித்த அளவுக்குப் பணம் ஒதுக்காமல் கடைசி நேரத்தில் வெட்டிவிட்டார்கள் என்று ஷூட்டர் பின்னாளில் சொன்னார். அந்தச் சமயத்தில் மார்வெல் நிறுவனமே கைமாறிக்கொண்டிருந்தது. 1987-இல் ஷூட்டரும் வெளியேற்றப்பட்டார். பெற்றவரே வீட்டை விட்டுப் போன பிறகு பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

சேகரிப்பவன் கோணத்தில் பார்த்தால் இந்தத் தோல்விதான் வசதி. எக்ஸ்-மென்னை முழுதாகச் சேர்க்க வேண்டுமென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டும். நியூ யுனிவர்ஸுக்கு ஒரு கரை உண்டு. ஆண்டு மலர்கள் நாலு, பிறகு வந்த 'தி பிட்', 'தி டிராஃப்ட்', நாலு பாகமான 'தி வார்' எல்லாவற்றையும் கூட்டினால் என் கணக்கில் 174 புத்தகங்கள். காமிக்ஸ் அடுக்கி வைக்கும் நீளமான அட்டைப் பெட்டி, அதாவது லாங் பாக்ஸ், ஒன்றே ஒன்றில் இடம் மிச்சம் வைத்து அடங்கிவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் பேச்சு வாங்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம்.

முதல் மூன்று வருஷத்தில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆரம்ப இதழ்கள் ஏராளமாக அச்சாகி விற்காமல் கிடந்தவை. எந்தக் கடைக்குப் போனாலும் மேஜைக்கு அடியில், ஒரே வருஷத்தில் நின்ற தொடர்களில் ஒன்றான 'கிக்கர்ஸ் இங்க்' இருக்கும். சிரமம் கடைசி இதழ்களில்தான். விற்பனை விழுந்த பிறகு குறைவாக அச்சடித்ததால், 32 இதழ் வரை வந்த மூன்று தொடர்களிலும் 28-க்கு மேல் போகப் போகக் கண்ணில் படவே மாட்டேன் என்றது. 'சை-ஃபோர்ஸ்' 31-க்காக மட்டும் இரண்டு வருஷம் அலைந்தேன். விலை அதிகம் என்பதால் இல்லை. இதையெல்லாம் தனியாக எடுத்து விற்பனைக்குப் போட யாருக்கும் மெனக்கெடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐம்பது சென்ட் புத்தகத்துக்கு நாலு டாலர் தபால் செலவு கொடுத்த நாட்கள் உண்டு. முழு செட்டுக்கும் புத்தக விலை 130 டாலர் தாண்டவில்லை. தபால் செலவைக் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், மனைவியும் கேட்பதில்லை.

இனி, படிக்க எப்படி என்பதற்கு வருகிறேன். வெளிப்படையாகச் சொன்னால் எட்டில் நாலு தொடர்களை நான் ஒரு தடவைக்கு மேல் படிக்கவில்லை. 'கிக்கர்ஸ் இங்க்' அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் ஆட்டம் இல்லாத நேரத்தில் ஊருக்கு உதவுகிற கதை. ஜன்னலுக்கு வெளியே எந்த ஊரில் இப்படி நடக்கிறதோ தெரியாது. 'மெர்க்' கூலிப்படை வீரனின் கதை. சக்தியே கிடையாது, மோசமில்லை, ஆனால் இந்த உலகத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. 'நைட்மாஸ்க்' பிறர் கனவுக்குள் நுழைபவன். யோசனை பிரமாதம், ஒவ்வொரு இதழிலும் ஓவியர் மாறி மாறி வந்ததுபோல ஒரு அலைக்கழிப்பு. 'ஸ்பிட்ஃபயர்' இரும்புக் கவசம் போட்ட பேராசிரியை. அதில் நாலாவது இதழை மட்டும் சேகரிப்பவர்கள் தேடுவார்கள். பின்னால் 'ஸ்பைடர்மேன்' வரைந்து பெரும் புகழ் பெற்ற டாட் மக்ஃபார்லேன் வரைந்தது அது. ஒரு டாலருக்கு நாலு பெட்டியிலேயே எனக்கு அது கிடைத்தது. கடைக்காரர் கவனிக்கவில்லை, நானும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

'ஜஸ்டிஸ்' விசித்திரமான அனுபவம். வேறு உலகத்திலிருந்து வந்த வீரன் என்று தொடங்கியது. மந்திரம் இல்லாத உலகம் என்ற விதியையே மீறுகிறதே என்று எரிச்சலோடு படித்தேன். பாதி வழியில் பீட்டர் டேவிட் எழுத வந்தார். அந்த வேறு உலகமே அவன் மூளைக்குள் திணிக்கப்பட்ட பொய், அவன் உண்மையில் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பழைய தவறைக் கதையாகவே மாற்றிய சாமர்த்தியம் அது. அதனால் யாராவது கேட்டால் 'ஜஸ்டிஸ்' 15-லிருந்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த 14 வருஷமும் என்னைப் பிடித்து வைத்தது 'டி.பி.7'. மார்க் க்ருன்வால்ட் எழுத, பால் ரயன் வரைய, 32 இதழும் அதே ஜோடி. மற்ற தொடர்களில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, இதில் மட்டும் ஒரே கை. வித்தியாசம் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. உடம்பில் மாற்றம் வந்தவர்கள் அங்கே நோயாளிகளாகச் சேர்கிறார்கள். ஒரே சிகிச்சைக் குழுவில் போடப்பட்ட ஏழு பேர், அந்த இடத்தின் உள்நோக்கம் தெரிந்து தப்பித்து ஓடுகிறார்கள். உடுப்பு கிடையாது, முகமூடி கிடையாது.

இதில் யாருக்கும் சக்தி வரவில்லை, வியாதிதான் வந்திருக்கிறது என்று நான் சொல்வேன். ஜெஃப் என்ற பையன் நிற்கவே முடியாமல் எந்நேரமும் அதிர்ந்துகொண்டே இருக்கிறான். முகம் மங்கலாகத்தான் தெரியும், ஓயாமல் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டேவ் உடம்பு பெருத்துப் பெருத்து ராட்சசனாகிவிட்டவன். டென்னிஸ் என்ற விடலைப் பையனின் தோல் அமிலம் சுரக்கும், போடுகிற துணியெல்லாம் அரித்துவிடும். லெனோர் வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. அவர் உடம்பிலிருந்து வரும் ஒளி பட்டால் எதிரில் இருப்பவர்களின் தெம்பு வடிந்துவிடும். அதனால் தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருவரைக் கட்டிப்பிடிக்க முடியாத பாட்டி. முதல் தடவை படித்தபோது எனக்கு 23 வயது, ஜெஃப்தான் பிடித்தமானவன். போன வருஷம் திரும்பப் படித்தேன். நடுவில் ஒரு முழு வருஷம் அம்மாவின் மூட்டுவாதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த முறை லெனோர் வருகிற பக்கங்களைத் தாண்டிப் போக நேரம் பிடித்தது.

ஒரு உபரித் தகவல். பால் ரயன் 2005 முதல் 2016-இல் இறக்கும் வரை நாளிதழ் ஃபேன்டம் படத்தொடரை வரைந்தார். ராணி காமிக்ஸில் நாம் மாயாவி என்று படித்தோமே, அதே ஃபேன்டம். க்ருன்வால்ட் 1996-இல், 43 வயதிலேயே மாரடைப்பில் போய்விட்டார். அவர் ஆசைப்படியே அஸ்தியை மையில் கலந்து அவருடைய இன்னொரு புத்தகத்தை அச்சடித்தார்கள். காமிக்ஸ் பைத்தியம் என்று என்னைச் சொல்கிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்: நானெல்லாம் சும்மா.

1987-இன் பிற்பகுதியில் 'ஸ்டார் பிராண்ட்' எழுத்தாளரும் ஓவியருமான ஜான் பைர்ன் கைக்குப் போனது. கென் தன் சக்தியைக் கழற்றிவிடப் பார்க்கிறான். அது வெடித்து, பிட்ஸ்பர்க் நகரமே மறைந்து, அந்த இடத்தில் ராட்சசப் பள்ளம் விழுகிறது. 'தி பிட்' என்ற சிறப்பிதழ் முழுக்க அந்தப் பள்ளத்துக்குள்தான். ஷூட்டரின் சொந்த ஊர் பிட்ஸ்பர்க் என்பதையும், அவருக்கும் பைர்னுக்கும் ஆகாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதைக்கு வேறொரு வாசனை வரும். அந்த இதழை நான் படித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்குப் போய்வந்த மத்தியானம். கையில் கோவில் கேன்டீன் புளியோதரை. அந்தக் கோவில் 1976 முதல் அங்கே இருக்கிறது. நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. அப்படியானால் இந்தக் கதையில் பெருமாளும் போய்விட்டார். சாப்பிட்டுக்கொண்டே இதை மனைவியிடம் சொன்னேன். வாயை அலம்பிவிட்டு வா என்றாள்.

அந்தப் பள்ளத்துக்குப் பிறகு தொனியே மாறிவிட்டது. அரசாங்கம் சக்தி உள்ளவர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்க்கிறது, உலகம் போரின் விளிம்புக்குப் போகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரிகிற உலகம் என்ற வாக்குறுதி அங்கேயே உடைந்துவிட்டது என்பார்கள் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற சூப்பர் ஹீரோ கதைகளில் ஊர் அழிந்தால் அடுத்த மாதம் எழுந்து நிற்கும். இதில் எழவில்லை. கடைசி வரை பிட்ஸ்பர்க் பள்ளம்தான்.

பராமரிப்பு பற்றி வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. சாதாரண நியூஸ்பிரிண்ட், சும்மா வைத்தாலே பழுக்கும். என் பிரதிகளில் ஓரங்கள் டீக்கறை நிறத்துக்கு வந்துவிட்டன, ஆனால் நடுப்பக்கம் இன்னும் வெளிச்சமாகவே இருக்கிறது. எப்போதும் ஸ்டேப்பிளைப் பாருங்கள். துரு இருந்தால் அந்தப் பெட்டி ஈரத்தில் இருந்தது என்று அர்த்தம். ஒருமுறை ஆன்லைனில் மொத்தமாக 40 புத்தகம் வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை அறை முழுக்கப் பரவியது. விற்றவர் படத்தில் மேலே இருந்த நாலு நல்ல பிரதிகளை மட்டும் காட்டியிருந்தார். பேசிப் பார்த்து அலுத்து, 28 புத்தகத்தைக் குப்பையில் போட்டேன். பழைய வாடை வேறு, பூஞ்சை வாடை வேறு. அன்றைக்குப் பிறகு அந்த வித்தியாசம் மூக்குக்குப் பழகிவிட்டது.

பிளாஸ்டிக் உறையும், பின்னால் அமிலம் இல்லாத அட்டையும் போட்டு நிற்க வைப்பதுதான் முறை. உறையின் வாயை ஒட்டும் டேப்பில்தான் ஆபத்து. 'சை-ஃபோர்ஸ்' 31 கடைசியில் கிடைத்த அன்று, அவசரத்தில் புத்தகத்தை உருவினேன். மடிப்பில் இருந்த டேப் புத்தகத்தின் முன்னட்டையில் ஒட்டி, ஒரு கட்டைவிரல் அளவுக்கு மேல் மூலையை வழித்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டு வருஷத் தேடல், இரண்டு நொடி வேலை. இப்போது முதலில் டேப்பை உறையின் பின்பக்கம் மடித்து ஒட்டிவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவேன். அந்தக் கிழிந்த பிரதியை மாற்றவில்லை, மாற்றுவதற்கு இன்னொன்று கிடைக்கவும் இல்லை.

தொகுப்பு நூலாக வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். 2006, 2007 வாக்கில் 'ஸ்டார் பிராண்ட்', 'டி.பி.7' முதல் தொகுதிகள் வந்தன. காகிதம் வழவழப்பு, நிறம் கண்ணைக் குத்துகிறது. மங்கிய நியூஸ்பிரிண்ட்டில் லெனோரின் வெளிச்சம் எப்படி இருந்ததோ அது அதில் இல்லை. வாசகர் கடிதங்களும் இல்லை. அந்தக் கடிதங்களைப் படிப்பது தனி ருசி. முதல் வருஷம் ஆவலாக எழுதிய அதே கூட்டம், பிறகு எந்தத் தொடர் நிற்கப்போகிறது என்று பதறுவதைக் கடிதம் கடிதமாகப் பார்க்கலாம். 2006-இல் எழுத்தாளர் வாரன் எல்லிஸ் 'நியூயுனிவர்சல்' என்று இதைப் புதிதாக ஆரம்பித்தார். நன்றாக இருந்தது. அதுவும் பாதியில் நின்றது. ராசி அப்படி.

எல்லாவற்றையும் சேர்க்கத் தேவையில்லை. 'டி.பி.7' 32-ம் ஆண்டு மலரும், 'ஸ்டார் பிராண்ட்' முதல் ஏழும், 'ஜஸ்டிஸ்' 15-க்கு மேலும், 'தி பிட்'டும் போதும். நான் சேர்த்ததற்குக் காரணம் கேட்டால், பெட்டியில் இடம் இருந்தது என்பதுதான். மொத்தமாக வாங்கியதில் 'டி.பி.7' முதல் ஆறு இதழ்கள் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. பூஞ்சை இல்லை, ஸ்டேப்பிள் துரு இல்லை, ஒரு செட்டின் நாலாவது இதழில் மட்டும் யாரோ ஒரு சிறுவன் பேனாவால் டேவுக்கு மீசை வரைந்திருக்கிறான். யாருக்காவது ஒன்றைக் கொடுப்பதானால், அந்தச் செட்டைக் கொடுப்பதா, மீசை இல்லாததைக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.