பாக்கெட்டுக்கு லேசு, கைக்கு உதை: நான்கு குட்டி ரிவால்வர்கள்

"மாமா, பாக்கெட்ல இருக்கிறதே தெரியக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

முதல் துப்பாக்கி வாங்கக் கிளம்பிய என் மச்சினன் போட்ட ஒரே நிபந்தனை இது. நாங்கள் இருப்பது டெக்சாஸில். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஓர் உள்ளரங்க ரேஞ்ச் (சுட்டுப் பழகும் இடம்) இருக்கிறது, அங்கே வாடகைக்கும் துப்பாக்கி தருவார்கள். வாங்குவதற்கு முன் சுட்டுப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை காலை அவரைக் கூட்டிப் போனேன். கடையில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கையில் தூக்கிப் பார்த்தால் எடை குறைந்ததுதான் எப்போதும் ஜெயிக்கும். ஐம்பது தோட்டா சுட்ட பிறகு கேட்டால் பதில் மாறிவிடும்.

நான்கை எடுத்தோம். நான்குமே ஐந்து தோட்டா பிடிப்பவை, குழல் ஏறக்குறைய இரண்டு அங்குலம். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 60, முழுக்க எஃகு, சுமார் 640 கிராம். அதே கம்பெனியின் 642, உடல் அலுமினியக் கலவை, 410 கிராம் சுமார். ரூகர் எல்சிஆர், 380 கிராம் சொச்சம். கடைசியாக மச்சினன் கண் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸன் 340 பிடி (PD). ஸ்காண்டியம் கலந்த அலுமினிய உடல், டைட்டானியம் சிலிண்டர் (தோட்டாக்கள் உட்காரும் சுழல் உருளை), சுமார் 335 கிராம். இந்த எடையில் .357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும்.

எடைக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். தோட்டா முன்னால் போகிற அளவுக்குத் துப்பாக்கி பின்னால் வந்தே தீரும். அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் போட்டால், அது இரண்டு மடங்கு வேகத்தில் நம் உள்ளங்கையை நோக்கி வரும். மாடல் 60-க்கும் 340 பிடிக்கும் இடையே இருப்பது கிட்டத்தட்ட அந்த வித்தியாசம்தான்.

மாடல் 60-இல் ஆரம்பித்தோம். 1965-இல் வந்தது, துருப்பிடிக்காத எஃகில் செய்த முதல் ரிவால்வர். மேக்னத்தைவிட மென்மையான .38 ஸ்பெஷலில் 148 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் தோட்டா போட்டோம். முனை தட்டையான, மெதுவாகப் போகிற, குறி பார்த்துப் பழகுவதற்கென்றே உள்ள தோட்டா அது. காகிதத்தில் பஞ்சிங் மிஷின் போட்டது போல வட்டமாக ஓட்டை விழும். ஏழு கஜத்தில் மச்சினனின் முதல் ஐந்தும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் பேன்ட் பாக்கெட்டில் போட்டுப் பார்த்ததும் துணி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கியது. "சாவிக்கொத்தோட சுத்தியலையும் போட்ட மாதிரி இருக்கு" என்றார். நல்ல துப்பாக்கிதான், ஆனால் வீட்டிலேயே தங்கிவிடும்.

அப்புறம் 340 பிடி. .38-இல் இரண்டு சுட்டதும் புருவம் உயர்ந்தது. மேக்னம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முதல் வெடிக்கு ரேஞ்சில் பக்கத்து இரண்டு லேன்களும் திரும்பிப் பார்த்தன. இரண்டாவதில் கைப்பிடி கையிலேயே திரும்பிவிட்டது. மூன்றாவதில் விசைக் காப்பு வளையம் நடுவிரல் கணுவில் இடித்தது. குழல் முனையை இலக்கின் பக்கமே வைத்தபடி துப்பாக்கியை மேடையில் மெல்ல இறக்கினார், வலது கையை விரித்து விரித்து மூடினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தோல் சிவந்திருந்தது. "போதும் மாமா." மீதி இரண்டை நான் சுட்டேன். எனக்கும் அதற்கு மேல் ஆசை வரவில்லை.

வலி மட்டும் என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். இவ்வளவு லேசான துப்பாக்கியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு தோட்டா வெடிக்கும்போது மொத்தத் துப்பாக்கியும் வெடுக்கென்று பின்னால் வரும். சிலிண்டரில் காத்திருக்கிற மற்றத் தோட்டாக்களின் கூடும் சேர்ந்து பின்னால் இழுபடும், ஈயக் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் குண்டை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவி, சிலிண்டரைச் சுழலவிடாமல் தடுத்துவிடும். இது போக, 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு போடாதே என்று 340 பிடியின் குழலிலேயே பொறித்திருக்கிறார்கள். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ஆயுதத்தில், தோட்டா வாங்கும்போதே இவ்வளவு யோசிக்க வைப்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சரி, உண்மையான போட்டி 642-க்கும் எல்சிஆருக்கும்தான். இரண்டிலும் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தி உள்ளே மறைந்திருக்கும், உருவும்போது துணியில் மாட்டாது. இரண்டுமே .38 ஸ்பெஷல் +பி, அதாவது கூடுதல் அழுத்தமுள்ள .38 தோட்டாவைத் தாங்கும். 642-இன் வடிவம் பழைய குடும்பம்: ஸ்மித் அண்ட் வெஸனின் நூறாவது ஆண்டான 1952-இல் வந்த சென்டினியல் ரிவால்வரின் வாரிசு. எல்சிஆர் 2009-இல் வந்தது. விசை அமைப்பு உட்காரும் அடிப்பகுதி பாலிமர், சிலிண்டரைத் தாங்கும் மேல்பகுதி அலுமினியம். பார்க்க அழகில்லை என்பார்கள். 642-ஐக் கையில் வைத்தால் ஒரு கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி இருக்கும், அதை மறுக்க முடியாது.

ஆனால் விசையை இழுத்துப் பார்க்க வேண்டும். 642-இன் விசை கனம். ஒவ்வொரு முறையும் விரல் முழுக்க உழைக்க வேண்டும், இருபது சுட்டதும் களைத்துப்போய், குழல் முனையிலுள்ள முன்குறி இப்படியும் அப்படியும் ஆடத் தொடங்கும். எல்சிஆரில் ரூகர் வைத்திருக்கும் கேம் (வளைந்த விளிம்புள்ள உறுப்பு) அமைப்பு உராய்வைக் குறைத்து அந்தக் கனத்தை வழி நெடுகப் பரப்பிவிடுகிறது. விரல் வழுக்கிக்கொண்டு போகும், எந்த இடத்திலும் முட்டி நிற்காது. கைப்பிடியும் மெத்தென்ற ரப்பர். 642-ஐவிடச் சற்று லேசாக இருந்தும் உதை மென்மையாகத் தெரிவது அதனால்தான்.

எல்சிஆரில் ஒன்றைப் பழகிக்கொள்ள வேண்டும். சுட்டபின் விரலைப் பாதி விட்டதுமே ஒரு 'டிக்' கேட்கும். அதை நம்பி மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வெடிக்காது. விசையை முழுக்க முன்னால் விட வேண்டும். 642-இல் அந்தக் குழப்பம் இல்லை.

மேக்னம் சுட்டதன் விலை இந்த இடத்தில்தான் தெரிந்தது. எல்சிஆரில் மூன்று நல்ல தோட்டாவும் இரண்டு காலிக் கூடும் கலந்து போட்டு, எது எங்கே என்று தெரியாதபடி சிலிண்டரைச் சுழற்றி மூடச் சொன்னேன். முதல் இரண்டு வெடித்தன. மூன்றாவது காலி. 'டிக்' என்று விழுந்த அதே நொடியில் முன்குறி இரண்டு அங்குலம் கீழே குனிந்தது. வராத உதைக்கு அவர் கை முன்கூட்டியே பயந்திருக்கிறது! காலையில் மாடல் 60-இல் உள்ளங்கைக்குள் சுட்ட அதே ஆள். 340 பிடியின் மூன்று மேக்னம் அந்தக் கையைக் கெடுத்துவிட்டன.

புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். சுழல் சிலிண்டர் இல்லாத பிஸ்டலில் பழகியவர்கள் இடது கட்டைவிரலை முன்னால் நீட்டி வைப்பார்கள். ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் எரியும் வாயு பீறிட்டு வரும். விரல் அங்கே இருந்தால் வெந்துபோகும். கட்டைவிரலை மடக்கிப் பின்னால் வையுங்கள்.

என் தேர்வு எல்சிஆர், ஆனால் அதிலேயே .357 மாடல். அதன் மேல்பகுதி எஃகு, சுமார் 485 கிராம். அதில் மேக்னம் போடச் சொல்லவில்லை. .357-இல் .38 தாராளமாகச் சுடலாம். (.38 துப்பாக்கியில் .357 போட முடியாது, கூடு நீளம்.) கூடுதலாக வருவது ஒரு வாழைப்பழ எடை, அதைப் பாக்கெட் பொறுத்துக்கொள்ளும். அந்த 100 கிராம் முழுக்கக் கைக்கு லாபம். விசை முக்கியமில்லை, எளிமை போதும், பழகிய வடிவம் வேண்டும் என்பவர்கள் 642 எடுக்கலாம், தப்பில்லை. 2024-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் 432 அல்டிமேட் கேரியும் கவனிக்க வேண்டியது. .32 எச்அண்ட்ஆர் மேக்னத்தில் ஆறு தோட்டா, உதை குறைவு. எங்கள் ரேஞ்சில் அது வாடகைக்கு இல்லை.

அடுத்த சனிக்கிழமை மச்சினன் தானாகவே போன் பண்ணினார். .357 எல்சிஆரை வாடகைக்கு எடுத்து, ஒரு பெட்டி வாட்கட்டரும் வாங்கி, காலிக் கூடு கலந்து கலந்து பெட்டி தீரும்வரை சுட்டார். முப்பதாவது தோட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு 'டிக்' விழுந்தது. முன்குறி அசையவில்லை.

"மாமா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன் மாப்ளே. அடுத்ததைச் சுடு."