வார்சா யூத வரலாற்று நிறுவனம்: ரிங்கெல்ப்ளும் ஆவணக் காட்சி

இக்காட்சியில் நம்மை நெடுநேரம் நிற்கவைப்பது, 1950 டிசம்பரில் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்ட துருவேறிய பால் கேன்தான். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த, பசியும் கொலையும் சூழ்ந்த வார்சா கெட்டோவுக்குள் வரலாற்றாளர் இமானுவேல் ரிங்கெல்ப்ளுமின் குழு இரகசியமாகத் திரட்டிய நாட்குறிப்புகள், கடிதங்கள், மிட்டாய்க் காகிதங்கள் உள்ளிட்ட சுமார் 35,000 பக்கங்கள், இத்தகைய கேன்களிலும் தகரப் பெட்டிகளிலும் புதைக்கப்பட்டுத் தப்பின. ஹெல்ம்னோ என்ற நாஜி கொலைமுகாமில் நடந்த படுகொலை குறித்த இக்குழுவின் தகவல்கள் போலந்துத் தலைமறைவு இயக்கத்தின் வழியாக 1942இல் லண்டனை எட்டியதை அறியும்போது, ஆயுதமேந்துவது மட்டுமே எதிர்ப்பன்று என்பது விளங்குகிறது. நுழைவுக் கூடத் தரையில், 1943இல் பக்கத்திலிருந்த பெரிய யூதத் தொழுகைக்கூடம் தகர்க்கப்பட்டபோது பரவிய தீயின் தழும்பு இன்னும் இருக்கிறது (பலர் கவனிக்காமலே மிதித்துச் செல்கிறார்கள்). பெரும்பாலும் நின்று படிக்கவேண்டிய காட்சி என்பதால், சிறு குழந்தைகளுடன் செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.